தூத்துக்குடி மாவட்டம் ஏரலில் நடப்போர் கணக்கு எடுக்கப் போகிறவர்களுக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பேருந்தில் ஏறுகிறவருக்கு டிக்கெட் உண்டு. பைக் வைத்திருப்பவருக்கு ஆர்.சி. புக் உண்டு. 2021 மே மாதம் மகளிர் விடியல் பயணம் தொடங்கியதிலிருந்து, காசு கொடுக்காமல் போகிற பெண்ணுக்குக்கூடக் கண்டக்டர் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். தினம் எத்தனை லட்சம் பெண்கள் அரசுப் பேருந்தில் போகிறார்கள் என்று அரசால் அடித்துச் சொல்ல முடிவது அந்தத் துண்டுக் காகிதத்தால்தான். விடிவதற்குள் தாமிரபரணியின் தென்கரையிலிருந்து ஏரல் ஆற்றுப்பாலம் வழியாக நடந்து வந்து வாழைத்தோட்டத்துக்குப் போகிற பெண்ணுக்கு அப்படி எதுவும் கிடையாது. அவர் போனதும் வந்ததும் எந்த அலுவலகக் கோப்பிலும் இல்லை. ரோட்டுக்கு எஸ்டிமேட் போடுகிற பொறியாளர் வண்டிக்கு மட்டும் அகலம் ஒதுக்கினால், அவர் மேசையில் இருந்த காகிதத்தில் வண்டி மட்டுமே இருந்தது என்று அர்த்தம்.

ஆகவே எண்ணித்தான் தீர வேண்டும். பேரூராட்சி உறுப்பினர், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை வைத்திருக்கும் ஆசிரியர், வியாபாரிகள் சங்கம் என்று யார் முன்கை எடுத்தாலும் சரி. பெரிய செலவில்லை, அட்டை, பேனா, கைக்கடிகாரம், பொறுமை. ஆனால் தப்பாக எண்ணிய கணக்கு எண்ணாததைவிட மோசம். "எண்ணிப் பார்த்தோம், ஆளே இல்லை" என்று அதையே காட்டிக் கோப்பை மூடிவிடுவார்கள்.

செய்ய வேண்டியது: எந்த முடிவுக்காக எண்ணுகிறோம் என்று முதலில் ஒரு வரியில் எழுதுங்கள்

இந்த மாவட்டக் கடற்கரைக்கு இது புதுப் பாடமில்லை. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளிப்பை அறிவிக்கும் முன் அதிகாரிகள் படகேறிப் போய்ச் சிப்பி கிடக்கும் கடலடிப் பார்களைச் சோதிப்பார்கள். மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, அதில் கிடைத்த முத்தை மதிப்பிட்டு, தேறுமா தேறாதா என்று தெரிந்த பிறகுதான் அறிவிப்பு வரும். கடலில் மொத்தம் எத்தனை சிப்பி என்ற ஆராய்ச்சி அவர்களுக்குத் தேவைப்படவில்லை. இந்த வருடம் குளிப்பு வைக்கலாமா, வேண்டாமா? அந்த ஒரு கேள்விக்கு விடை போதும்.

"ஏரலில் எத்தனை பேர் நடக்கிறார்கள்?" என்று கேட்டால் அதை வைத்து யாரும் எந்த முடிவும் எடுக்க முடியாது. பாலத்தில் நடப்பவருக்குத் தனி இடம் வேண்டுமா? பஜாரில் வாறுகால் மேல் கிடக்கும் சிலாப்பை ஒரே மட்டமாக்கினால் எத்தனை பேர் தார் ரோட்டை விட்டு அதில் ஏறி நடப்பார்கள்? பள்ளிக்கூட வாசலில் ரோட்டைக் கடக்க ஏற்பாடு வேண்டுமா? இப்படிக் கேட்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எண்ணும் இடம் வேறு, நேரம் வேறு, பதில் சொல்ல வேண்டிய அலுவலகமும் வேறு. ஊருக்குள் இருக்கும் தெருக்கள் பேரூராட்சி பொறுப்பு. பாலம் நெடுஞ்சாலைத்துறை பொறுப்பு. பாலத்துக் கணக்கைப் பேரூராட்சி செயல் அலுவலரிடம் கொடுத்தால் மரியாதையாக வாங்கி வைப்பார். அவ்வளவுதான்.

செய்யக்கூடாதது: "அதெல்லாம் சென்சஸில் இருக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்கு எதில் போகிறீர்கள், எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். பி-28 என்ற அட்டவணையில் விடை இருக்கிறது. நாடு முழுவதும் சுமார் 20 கோடிப் பேரைப் பற்றிய அட்டவணை அது. ஐந்தில் ஒருவருக்கு மேல் நடந்தே வேலைக்குப் போனார்கள். ஏறக்குறைய எட்டில் ஒருவர் சைக்கிளில் போனார். மோட்டார் வாகனக் கடன் விளம்பரங்களை வைத்து நாட்டை எடைபோடுகிறவர்களுக்கு இந்த எண்ணே போதுமான அதிர்ச்சி.

ஆனால் அட்டவணையின் தலைப்பைக் கவனியுங்கள்: "இதர தொழிலாளர்". சொந்த நிலத்தில் பயிர் செய்கிறவர், விவசாயக் கூலிக்குப் போகிறவர், வீட்டுத் தொழில் செய்கிறவர் மூவரும் அதில் சேர்த்தியில்லை. இப்போது ஏரலைச் சுற்றிப் பாருங்கள். தாமிரபரணிப் பாசனத்தில் வாழை, நெல், வெற்றிலை. கணக்கில் வராதவர்கள்தான் இங்கே அதிகம் நடக்கிறவர்கள். உப்பளத்துக்குப் போகிறவர் அட்டவணையில் உண்டு. வாழைத்தார் சுமக்கப் போகிறவர் இல்லை. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, கோவில், ஆஸ்பத்திரிக்கு நடப்பதும் இல்லை, ஏனென்றால் கேட்டது வேலைப் பயணத்தை மட்டும்.

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில் இன்னொரு ஓட்டை. ஒரு நாளை அரைமணித் துண்டுகளாகப் பிரித்து, என்ன செய்தீர்கள் என்று எழுதினார்கள். அரைமணிக்குள் பல வேலை செய்திருந்தால், 10 நிமிடத்துக்குக் குறையாமல் செய்ததுதான் பதிவாகும். கடைக்கு ஓடி ஒரு கட்டு கீரை வாங்கி வருகிற நடை அதோடு போயிற்று. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027இல். அது வரட்டும், அதுவரை உங்கள் அட்டையை வைத்து நீங்கள் எண்ணுங்கள்.

செய்யக்கூடாதது: ஆளைக் காராக மாற்றாதீர்கள்

போக்குவரத்துக் கணக்கில் எல்லா வண்டியையும் கார் என்ற ஒரே அலகுக்கு மாற்றும் வழக்கம் உண்டு. சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் கிராமப்புறச் சாலை வழிகாட்டியில் கார் 1, பஸ் அல்லது லாரி 3, சைக்கிள் 0.5, கைவண்டி 3, பெரிய மாட்டுவண்டி 8. இந்த எண் ரோட்டை அடைக்கும் அளவைக் காட்டுகிறது. மாட்டுவண்டிக்கு 8 கொடுத்தது அதன் மேல் உள்ள மரியாதையால் அல்ல, பின்னால் வருகிற லாரிக்காரரின் எரிச்சலால். இந்தப் பட்டியலில் நடப்பவர் இல்லவே இல்லை.

மொத்தத்தைக் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுத்தால், 40 பேர் ஏறிய பஸ் 3 ஆகவும், 40 சைக்கிள் 20 ஆகவும், நடந்து போன 40 பேர் சைபராகவும் வந்து நிற்கும். தலைகளை எண்ணுங்கள், தலைகளாகவே எழுதுங்கள்.

செய்ய வேண்டியது: ஊர் விழிக்கும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள்

காலை 8 முதல் மாலை 6 வரை எண்ணுவது அலுவலக வசதி. தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். 8 மணிக்கு அவர்கள் போய் நேரமாகியிருக்கும். 5 மணிக்கே ஆள் நிற்க வேண்டும். பிறகு பள்ளிக்கூட மணிக்கு முன்னும் பின்னும். சாயங்காலம் பஜார் கூட்டம் அடங்கும் வரை. நடுப்பகலில் ரோடு காலியாகக் கிடக்கும், அதையும் எண்ணுங்கள். சித்திரை வெயிலில் நிழலில்லாத ரோட்டில் எவ்வளவு குறைகிறது என்பது, மரம் வைக்கச் சொல்லிக் கேட்பதற்கு உதவும்.

ஒரு ஷிப்ட்டுக்கு ஒருவர் 2 மணி நேரத்துக்கு மேல் எண்ண வேண்டாம். கண் சோர்ந்தால் கை தானாகக் கோடு போட ஆரம்பிக்கும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதுக் கட்டத்துக்கு மாறுங்கள். எந்தக் கால்மணியில் கூட்டம் உச்சம் என்பது அப்போதுதான் தெரியும். பள்ளி விடும் அந்தக் கால்மணியை ஒருமணிக் கணக்கில் கரைத்துவிட்டால், வாசலில் என்ன நெரிசல் என்பது காகிதத்தில் தெரியாமலே போய்விடும்.

சாலைக் காங்கிரஸ் நெடுஞ்சாலைக் கணக்குக்குச் சொல்வது தொடர்ந்து 7 நாள், வருடத்தில் குறைந்தது இருமுறை; அறுவடைக் காலத்தில் ஒன்று, மந்தமான காலத்தில் ஒன்று. தன்னார்வலர்களால் அது முடியாது என்றால், இரண்டு வேலை நாள், ஒரு ஞாயிறு, முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் ஒன்று. கல்யாணச் சாமான் வாங்க ஊர் ஊராய் வருகிற நாளில் பஜார் வேறு பஜார்.

செய்யக்கூடாதது: ஆடி அமாவாசையைச் சாதாரண நாளோடு சேர்க்காதீர்கள், அதற்காக விட்டும்விடாதீர்கள்

திருவிழா, பொருட்காட்சி நாட்களில் போக்குவரத்துக் கணக்கு எடுக்காதே, சில நாள் தள்ளிவை என்பது பொது விதி. வருட சராசரி கெட்டுவிடும் என்பதால். நியாயம்தான். ஆனால் ஏரலுக்கு அந்த விதி அரைப் பொருத்தம். இங்கே ஆற்றங்கரையில் சேர்மன் அருணாசல சுவாமி கோவில் இருக்கிறது. ஊராட்சி நிர்வாகத் தலைவராக இருந்த ஒருவரைச் சாமியாகக் கும்பிடும் ஊர் வேறு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை; இன்றைய உள்ளாட்சித் தலைவர்கள் யோசித்துப் பார்க்கலாம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அங்கே திரளும் கூட்டத்தில் கடைசி ஒரு மைலாவது நடக்காதவர் யாருமில்லை.

அந்த நாட்களுக்குத் தனி அட்டை போடுங்கள், தனித் தலைப்பில் கொடுங்கள். சாலை அகலத்தைத் தீர்மானிக்க அது உதவாது. வண்டிகளை எங்கே நிறுத்துவது, தண்ணீர் எங்கே வைப்பது, எந்தத் தெருவை அன்றைக்கு நடப்பவருக்கு மட்டும் விடுவது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. திருச்செந்தூர்ப் பாதயாத்திரைக் காலத்துக்கும் இதே முறை. இரவில் நடக்கும் கூட்டம் அது. இருட்டில் எண்ண ஆள் வேண்டும்.

செய்ய வேண்டியது: கோட்டை ஒரு இடத்தில் போடுங்கள், அட்டையை வீட்டிலேயே வரைந்து கொண்டு போங்கள்

எண்ணுகிறவர் உட்காரும் இடத்துக்கு எதிரே, ரோட்டுக்குக் குறுக்கே கண்ணால் ஒரு கோடு இழுங்கள். இந்தக் கரையில் ஒரு விளக்குக் கம்பம், அந்தக் கரையில் ஒரு கடைச் சுவரின் ஓரம் என்று அசையாத இரண்டு அடையாளம். கோட்டைத் தாண்டியவர் கணக்கு. கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்று பேசிவிட்டுத் திரும்பியவர் கணக்கில்லை. போய்விட்டுத் திரும்பி வந்தவர் 2. "அவரைத்தான் அப்போதே எண்ணினோமே" என்று விடக்கூடாது. எண்ணுவது பயணத்தை; ஆளை அடையாளம் பிடிப்பது நம் வேலையில்லை. வடக்கே போவதற்கு ஓர் அட்டை, தெற்கே போவதற்கு ஓர் அட்டை, இரண்டு பேர்.

அட்டையில் என்னென்ன கட்டம்? நடப்பவரில் ஆண், பெண், சீருடையில் பள்ளிப் பிள்ளை, கம்பு ஊன்றியோ ஒருவரைப் பிடித்துக்கொண்டோ போகிற பெரியவர். தலையிலோ தோளிலோ சுமையோடு போகிறவருக்குத் தனிக் கட்டம். தலையில் இலைக்கட்டு வைத்திருப்பவரால் சட்டென்று ஒதுங்க முடியாது, அவருக்கு வேண்டிய அகலமும் வேறு. இடுப்புக் குழந்தையும் ஒரு ஆள்தான், எழுதுங்கள்.

சைக்கிளில் ஓட்டுகிறவர், கேரியரில் உட்கார்ந்து வருகிறவர், தள்ளிக்கொண்டு நடப்பவர் என்று மூன்று. இந்த மூன்றாவதைப் பெரும்பாலான படிவங்கள் கண்டுகொள்வதில்லை. ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் வாழைத்தார் தொங்க, கேரியரில் ஒன்று கட்டி, உடம்பை ஒருபக்கம் சாய்த்துத் தள்ளிக்கொண்டு வருகிறவரை எதில் சேர்ப்பீர்கள்? அவர் சைக்கிள் ஓட்டியும் இல்லை, சும்மா நடப்பவரும் இல்லை. பாதையில் ஒரு மீட்டருக்கு மேல் அகலம் பிடிப்பார். எதில் சேர்ப்பது என்று நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் அதை அட்டையின் அடியில் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் எண்ணுகிறவர் வேறு முடிவெடுத்துவிட்டால், ஒரே வருடத்தில் ஏரலில் சைக்கிள் பெருகியதாகவோ ஒழிந்ததாகவோ ஒரு பொய்ச் செய்தி பிறந்துவிடும்.

கட்டத்தில் ஆளுக்கு ஒரு கோடு: நாலு நேராக, ஐந்தாவது குறுக்கே. இதைவிட நல்ல முறை இன்னும் வரவில்லை.

செய்ய வேண்டியது: வண்டியையும் அதே மணிநேரத்தில் எண்ணுங்கள்

நடப்பவருக்காகத்தானே போனோம், வண்டி எதற்கு என்று தோன்றும். ரோட்டைக் கடக்கும் இடத்துக்கு ஏற்பாடு கேட்பதென்றால் பொறியாளர் ஒரு சூத்திரம் போட்டுப் பார்ப்பார். உச்ச மணிநேரத்தில் கடக்கும் ஆட்களின் எண்ணிக்கையை, அதே நேரத்தில் போகும் வண்டி எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். நடுவில் பிரிப்பு இல்லாத சாலையில் விடை 10 கோடியைத் தாண்டினால் ஏற்பாடு தேவை; பிரிப்பு உள்ள சாலையில் 20 கோடி.

ஓர் உதாரணத்துக்கு, 200 பேர் கடக்கிறார்கள், 600 வண்டி போகிறது என்று வைத்துக்கொள்வோம். விடை 7.2 கோடி, தேறாது. அதே 600 வண்டிக்கு 300 பேர் என்றால் 10.8 கோடி, தேறும். ஆட்களை இரட்டித்தால் விடையும் இரட்டிக்கும், வண்டியை இரட்டித்தால் நாலு மடங்காகும். நடப்பவரைக் காப்பாற்ற எழுதிய சூத்திரத்தில்கூட வர்க்கம் வண்டிக்குத்தான். குறைபட்டுக்கொள்ளலாம், ஆனால் மனுவில் அந்த விடையைப் போட்டுவிட்டுக் குறைபடுங்கள். சூத்திரத்தைப் போட்டே கொண்டுவருகிற மனுவை ஓரமாக வைப்பது கஷ்டம்.

செய்யக்கூடாதது: "எங்கே போறிய?" என்று கேட்காதீர்கள்

எண்ணிக்கை மட்டும் போதாது; ஐம்பது, நூறு பேரையாவது நிறுத்தி இரண்டு வார்த்தை கேட்க வேண்டும். ஆனால் கிளம்பிப் போகிறவரிடம் எங்கே என்று கேட்டால் காரியம் கெடும் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். முதல் கேள்வியிலேயே முகம் சுருங்கிவிடும். "ஆச்சி, எங்க இருந்து வாறிய?" என்று ஆரம்பியுங்கள், போகும் இடம் தானாக வரும். பெண்களிடம் பெண்களே கேட்கட்டும். கையில் சுமை இருப்பவரை நிறுத்தாதீர்கள், கூடவே நாலடி நடந்து கேளுங்கள்.

கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். தினமும் வருகிறீர்களா? பஸ் இருந்தும் நடக்கிறீர்களா, இல்லாததால் நடக்கிறீர்களா? ரோட்டில் எந்த இடத்தில் பயம்? இந்த மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள் எண்ணிக்கையைவிடப் பயன்படும். பத்துப் பேர் ஒரே வளைவைச் சொன்னால், வேகத்தடை எங்கே வேண்டும் என்று தனியாக ஆய்வு வேண்டாம்.

இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டால் கணக்கே தலைகீழாகும். மினி பஸ் நின்றுபோனால் நடப்பவர் கூடுவார்கள். அதைப் பார்த்து "நடைப்பயிற்சி மீது மக்களுக்கு ஆர்வம்" என்று ஒரு அறிக்கை வந்தால் சிரிப்பதா அழுவதா?

செய்யக்கூடாதது: கொடுத்த சைக்கிளை எண்ணாதீர்கள், ஸ்டாண்டில் நிற்கிற சைக்கிளை எண்ணுங்கள்

தமிழ்நாட்டில் விலையில்லா சைக்கிள் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கி, சில ஆண்டுகளில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் எல்லாருக்கும் விரிந்தது. எத்தனை சைக்கிள் கொடுத்தோம் என்ற கணக்கு துறையிடம் துல்லியமாக இருக்கும். அதில் எத்தனை இன்றைக்கு ஓடுகிறது? பள்ளி ஸ்டாண்டுக்குத் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிப் போய், மழை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு எண்ணுங்கள். காற்றில்லாமல் நிற்பவற்றைத் தனியாக எழுதுங்கள். வீட்டில் அப்பா ஓட்டுகிறாரா, விற்றாயிற்றா என்று பிள்ளைகளைக் குடைய வேண்டாம்.

எண்ணிக்கையிலிருந்து பயனுக்குப் போவது எப்படி என்பதற்குப் பீகார் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் பக்கத்து ஜார்க்கண்டோடு ஒப்பிட்டு, பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது 32 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். பலன் பெரும்பாலும் பள்ளி 3 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில்தான். ஆகவே ஏரல் பள்ளி ஸ்டாண்டில் எண்ணும்போது பிள்ளையின் ஊர்ப்பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஊரிலிருந்து சைக்கிளே வரவில்லை என்று தெரியும். அந்த ரோட்டைப் போய்ப் பாருங்கள்.

சைக்கிள் கொடுத்தால் போதாது, ஓட்ட இடமும் துணையும் வேண்டும் என்பதை 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை காட்டியது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஓட்டப் பழகினார்கள்.

செய்யக்கூடாதது: ஆள் இல்லாத இடத்தைத் தேவையில்லாத இடம் என்று எழுதாதீர்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த மாவட்டத்தில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை கடந்து வந்தது, ஏரல் பாலம் அறுபட்டது, ஊர் நாட்கணக்கில் வெளித்தொடர்பு இல்லாமல் கிடந்தது. அந்த வாரத்தில் பாலத்தருகே போய் உட்கார்ந்து எண்ணியிருந்தால் கடந்தவர் கணக்கு சைபருக்குப் பக்கத்தில் வந்திருக்கும். அதைக் காட்டிப் பாலம் வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா?

சைக்கிள் விஷயத்தில் இதையேதான் தினமும் சொல்கிறார்கள். மணல், கல், வாழைத்தார் ஏற்றிய வண்டிகள் உரசிக்கொண்டு போகிற ரோட்டில் பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவதில்லை. எண்ணினால் நாலு பேர். "நாலு பேருக்காக ஓரப்பாதையா?" என்று கேள்வி வரும். அதனால் எண்ணிக்கையோடு இன்னொரு தாளும் இருக்கட்டும்: அந்த ரோட்டை ஒட்டிய தெருக்களில் சைக்கிள் வைத்திருக்கும் வீடு எத்தனை, ஓட்டத் தெரிந்தவர் எத்தனை பேர், ஏன் எடுப்பதில்லை என்று.

விபத்துக் கணக்கும் இப்படித்தான் ஏமாற்றும். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த சுமார் 1,68,500 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள், ஐந்தில் ஒருவர். ஆனால் ஒரு குறிப்பிட்ட ரோட்டில் சாவே இல்லை என்றால் அது பத்திரமான ரோடு என்றும் இருக்கலாம், பயந்துபோய் யாரும் நடப்பதை விட்ட ரோடு என்றும் இருக்கலாம். முட்டி சிராய்த்து, எஃப்.ஐ.ஆர். போடாமல் வீட்டுக்குப் போனவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

செய்யக்கூடாதது: கருவியை நம்பி ஆளை அனுப்பாமல் இருக்காதீர்கள்

ரோட்டில் போடும் ரப்பர் குழாய் வண்டிக்கானது; நடப்பவர் அதை மிதித்தாலும் பதியாது. அகச்சிவப்புக் கருவிக்கு, தோளோடு தோள் சேர்ந்து போகிற இரண்டு தோழிகள் ஒருவர். ஆடு ஒன்று போனாலும் ஒருவர். ஓட்டப் பயிற்சி செயலிகளில் கிடைக்கும் வரைபடம் அந்தச் செயலி வைத்திருப்பவரின் வரைபடம். தோட்டத்துக்குப் போகிற ஆச்சியின் மடியில் இருக்கும் போன் பட்டன் போன். வீடியோ எடுத்து வீட்டில் உட்கார்ந்து எண்ணலாம், நல்ல முறைதான். முகம் தெரியாத உயரத்தில், தூரத்தில் வையுங்கள், எண்ணி முடித்ததும் அழியுங்கள்.

செய்ய வேண்டியது: டேப் ஒன்று எடுத்துப் போங்கள்

நடைபாதையில் தடங்கலில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், வணிகப் பகுதியில் 2.5 மீட்டர் என்று சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டி சொல்கிறது. பஜாரில் 20 அடிக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். அளக்க வேண்டியது போட்ட அகலத்தை அல்ல. மின்கம்பம், உடைந்த சிலாப், நிறுத்திய பைக் எல்லாம் போக மிஞ்சுகிற அகலத்தை.

ஒரு எச்சரிக்கை. கடை முன்னால் டேப் பிடித்தால் ஆக்கிரமிப்புக் கணக்கெடுப்பு என்று பஜாரில் பத்து நிமிடத்தில் செய்தி பரவிவிடும். முந்தின நாளே அண்ணாச்சிமாரிடம் சொல்லிவிடுங்கள், அட்டையில் கடைப் பெயர் எழுதாதீர்கள். பாதி வியாபாரம் நடந்து வருகிறவரால்தான் ஓடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாததா? எண்ண உட்காருவதற்கு ஸ்டூல் கொடுப்பவர்களும் அவர்களே.

செய்ய வேண்டியது: அடுத்த வருடமும் அதே மாதம், அதே கோடு

கோபன்ஹேகன் நகராட்சி 1990களின் நடுவிலிருந்து சைக்கிள் கணக்கை அறிக்கையாக வெளியிட்டு வருகிறது. எத்தனை பேர் ஓட்டுகிறார்கள் என்பதோடு, ஓட்டும்போது பயமில்லாமல் இருக்கிறதா என்றும் கேட்டுப் பதிப்பிக்கிறார்கள். சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் அல்லாப் போக்குவரத்துக் கொள்கை கொண்டுவந்து, போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் என்றது. 2018க்குள் அந்தப் பயணங்களின் பங்கு 40 சதவீதத்தைத் தாண்ட வேண்டும் என்றும் வைத்தது. நல்ல இலக்கு. எட்டினோமா என்று சொல்ல, வருடா வருடம் ஒரே மாதிரி எடுத்த கணக்கு வேண்டும். ஒருமுறை எடுத்த கணக்கை வைத்து மனு போடலாம். மாறியதா என்று சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது: ஒரு பக்கத்தில் கொடுங்கள்

மேலே கேள்வி, நடுவில் எண்கள், கீழே கேட்பது என்ன. "70 சதவீதம் பேர் நடக்கிறார்கள்" என்று எழுதினால் எத்தனை பேரில் என்று எழுதுங்கள். 487ஐ 500 ஆக்காதீர்கள். ஒரு எண்ணில் கை வைத்தது தெரிந்தால் மீதி எல்லாம் போச்சு. நெடுஞ்சாலைத்துறை அந்தச் சாலையில் கடைசியாக எடுத்த போக்குவரத்துக் கணக்கை, 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்கி, உங்கள் கணக்குக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பேசட்டும்.

சட்டப் பலமும் இப்போது இருக்கிறது. கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில், 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம், தடங்கலில்லாத நடைபாதை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று சொன்னது. மனுவில் ஒரு வரி போதும்; வழக்குரைஞர் நோட்டீஸ் மாதிரி எழுத வேண்டாம்.

பேரூராட்சி எல்லைக்கு வெளியே உள்ள ஊர்களில் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்குங்கள்; அக்டோபர் 2 கூட்டத்துக்கு வேண்டுமென்றால் ஆகஸ்டிலேயே எண்ணி முடித்திருக்க வேண்டும். மற்றபடி திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டம்.

செய்யக்கூடாதது: அசல் அட்டைகளைக் கொடுத்துவிடாதீர்கள்

நகல் கொடுங்கள், மனு எண்ணோடு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பொறியாளர் "இது எந்த நாளில், யார் எண்ணியது?" என்று கேட்பார். அப்போது தேதி, நேரம், வானிலை, எண்ணியவர் கையெழுத்து, கோடு போட்ட இரண்டு அடையாளம் எல்லாம் உள்ள அட்டையை எடுத்து மேசையில் வையுங்கள். அவருக்குச் சந்தேகம் தீராவிட்டால், நாளைக் காலை 5 மணிக்கு அதே கம்பத்தடிக்கு வரச் சொல்லுங்கள்.